பணம் வாங்காத வீட்டின் கதி

கேள்வி: ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்தால் வாங்காதவர்களுக்கு விலைவாசிதானே ஏறும்? அதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: ஒரே ஊருக்குள் வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒப்பிட்டால் கணக்கு பிசகும், பணம் கடை, கூலி வழியாக வாங்காதவரிடமும் போய்விடுகிறதே! அதனால் யாருக்குக் கொடுப்பது என்ற குலுக்கல் இரண்டு அடுக்கு: முதலில் வட்டாரம், பிறகு கிராமம். கென்யாவின் சியாயா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில், 653 கிராமங்களில், சில வட்டாரங்களில் மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களுக்கும் மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொடுத்தார்கள். தகுதியான குடும்பத்துக்குச் சுமார் 1,000 டாலர். பிறகு வீட்டுச் செலவு, கடை வருமானம், சந்தை விலை மூன்றையும் அளந்தார்கள். விலை சராசரியாக 0.1 சதவீதமே ஏறியது. வாங்காத வீடுகளின் செலவும் கூடியது. சும்மா கிடந்த ஆளும் இடமும் வேலைக்கு வந்ததே காரணமாக இருக்கலாம்.

எங்கும் இப்படியே என்று நம்ப வேண்டாம். பிலிப்பைன்ஸின் ஒதுக்குப்புற ஊர்களில் முட்டை போன்ற, சீக்கிரம் கெடும் உணவின் விலை ஏறி, பணம் வாங்காத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது.