எழுந்து போனது யார்?

கேள்வி: போன ஞாயிறு மதியம், நர்சரியோடு சேர்ந்த ஒரு கஃபேயில் சாப்பிடக் குடும்பத்தோடு போயிருந்தோம். நான், என் கணவர், நாத்தனார், அவருடைய கணவர், மாமியார், என் பிள்ளைகள் இருவர். மகளுக்கு வயது 6, மகனுக்கு 3. அத்தைக்குச் செடி என்றால் உயிர், அதனால்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம். சாப்பாடு வந்ததும் அத்தை பிள்ளைகளைச் செடிகள் பக்கம் கூட்டிப்போனார். நாங்கள் காபிக்கு வந்த பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் பிள்ளைகள் மறுபடி ஓட, அவரும் எழுந்து பின்னால் போனார். அப்போது என் மகன் டிஃபன்பேக்கியா இலையைக் கடித்துவிட்டான். உதடு வீங்கி, எச்சில் ஒழுகி, ஒரே அலறல். டாக்டரிடம் காட்டினோம், மறுநாள் சரியாகிவிட்டது. இத்தனை வருடம் செடி வளர்த்தவருக்கு எது ஆகாத செடி என்று தெரியாதா? கேட்டால், “பெரியவள் அல்லித் தொட்டியில் எட்டிப் பார்த்தாள், அவளைப் பிடிக்கத் திரும்பினேன்” என்கிறார். ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. என் கணவர் “பெரிசுபடுத்தாதே” என்கிறார். இனி அத்தையை நம்பிப் பிள்ளைகளை விடலாமா? அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

– ஒரு வாசகி

பதில்: பாட்டி சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் பாட்டி எங்கே நின்றார், என்ன செய்தார் என்று விலாவாரியாக இருக்கும். பெற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது மட்டும் இருக்காது. உங்கள் கடிதத்தில் அது தப்பித் தவறி வந்துவிட்டது.

“இரண்டு வாய் சாப்பிடுவதற்குள்.”

மேஜையைச் சுற்றி பெரியவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் சாப்பிட்டு முடித்துக் காபிக் கோப்பையோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தட்டில் இப்போதுதான் கை வைத்திருக்கிறார். பிள்ளைகள் ஓடுகின்றன. எழுந்து போனது யார்? அந்தத் தட்டுக்காரர். அதுவும் அந்த மேஜையிலேயே வயதில் மூத்தவர். நீங்கள் எழவில்லை. உங்கள் கணவர் எழவில்லை. நாத்தனாரும் அவருடைய கணவரும் விருந்தாளிகள் என்று வைத்துக்கொள்வோம். பெற்ற நீங்கள் இருவரும் யார்?

இதை ஒரு குறையாகக்கூட நீங்கள் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. அவர் எழுவார் என்று நால்வருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அந்தத் தட்டு பிறகு என்ன ஆனது என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

அத்தைக்குச் செடி என்றால் உயிர், அதனால்தான் அங்கே போனோம் என்கிறீர்கள். நல்லது. அவர் ஒரு செடியையாவது நின்று பார்த்தாரா? பெயர் கேட்டாரா, விலை கேட்டாரா? ஓடுகிற இரண்டு பிள்ளைகளின் பின்னந்தலையைத்தான் பார்த்திருப்பார்.

சரி, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், விசாரிப்போம். ஒருத்தி தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்க்கிறாள், ஒருவன் செடிப்பக்கம் நிற்கிறான். ஒரே ஒரு ஆள். முதலில் யாரைப் பிடிப்பது? தண்ணீர்ப் பக்கம் இருப்பவளைத்தான். குப்புற விழுந்த சின்னக் குழந்தைக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர்கூட எமன். கத்தவும் வாய் வராது, சத்தமில்லாமல் முடிந்துபோகும். உங்கள் மாமியார் சரியான பிள்ளையின் பக்கம்தான் திரும்பினார். இன்னொரு பிள்ளையின் பக்கம் திரும்ப இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் வருத்தம் தெரிவிக்கவில்லையாம். நீங்கள் தெரிவித்தீர்களா?

இப்போது அந்தச் செடி. டிஃபன்பேக்கியாவின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கும். கடித்ததும் நாக்கிலும் உதட்டிலும் குத்தி ஏறும். உங்கள் மகன் உடனே அலறியது அதனால்தான். அந்த வலியிலேயே பெரும்பாலான குழந்தைகள் விழுங்காமல் துப்பிவிடுவதால் பெரிய ஆபத்து அபூர்வம். இப்படி நடந்தால், வாயில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வாயைக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. குரல் மாறினால், விழுங்க முடியாமல் திணறினால், மூச்சு இழுத்தால், ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடித்த செடியின் ஒரு இலையைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரளி என்றால் கதை வேறு. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதை மென்ற குழந்தைக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். உங்கள் வீட்டு வரவேற்பறையில் மணி பிளான்ட் இருக்கிறதா? டிஃபன்பேக்கியாவில் இருக்கிற அதே படிகங்கள்தான் அதிலும். அங்கே யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

நர்சரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். அழகுக்கு வளர்க்கும் செடிகளுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, சாப்பாட்டுச் செடிகளுக்கு அடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில மருந்துகள் செடியின் சாற்றிலேயே ஏறிவிடும், கழுவினாலும் போகாது. அதனால் வாசனையாக இருக்கிறதே என்று அங்கே எந்த இலையையும் கிள்ளி வாயில் போடக் கூடாது, பெரியவர்களும்தான். மண்ணும் எருவும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தட்டில் வைக்கவும் கூடாது. தொட்டிகள் தரையில், மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். அந்த வயதிலும் பிள்ளைகள் கையில் கிடைப்பதை வாயில் வைத்துப் பார்ப்பதுண்டு. இப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால், கை எட்டும் தூரத்தில் ஒரு ஆள் நின்றாக வேண்டும். கண் பார்வை மட்டும் போதாது.

அந்த ஆள் பாட்டி இல்லை. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்களின் கடமை. பாட்டி செய்வது உபகாரம். செய்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கலாம், பேரப்பிள்ளை மீது உயிராகவே இருக்கலாம், அப்போதும் அது உபகாரம்தான். சம்பளம் வாங்குகிற ஆயாவிடம்கூட, சாப்பிடுகிற நேரத்தில் எழுந்து ஓடு என்று சொல்லத் தயங்குவீர்கள். தன் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண், அவர்களில் இருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பாதித் தட்டில் எழுந்து போகிறார். அந்த இருவரில் ஒருவருக்காவது கூச்சம் வந்திருக்க வேண்டாமா? உங்களைவிட உங்கள் கணவர் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். அவருடைய அம்மா, அவருடைய பிள்ளைகள். “பெரிசுபடுத்தாதே” என்ற ஒரு சொல்லைத் தவிர கடிதத்தில் அவர் செய்ததாக வேறு எதுவும் இல்லை.

அத்தை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். எதையும் சொல்ல வேண்டாம். கேளுங்கள். “அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லையே அத்தை, மறுபடி போகலாமா?” என்று கேளுங்கள். வருகிறேன் என்றால், போய்ச் சேர்ந்ததும் உட்காராமல் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பிள்ளைகளை நீங்களும் கணவரும் ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்ளுங்கள், அத்தை கையை வீசிக்கொண்டு நடக்கட்டும். ஒரு செடியின் முன்னால் அரைமணி நேரம் நின்றாலும் நிற்கட்டும். மேஜையைத் தண்ணீருக்கும் செடி அடுக்குகளுக்கும் தள்ளியே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு முதலில் சாப்பாட்டைச் சொல்லி ஊட்டி முடித்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்த பிள்ளை உட்காராது, யார் வளர்த்தாலும் உட்காராது. அப்போது நீங்களோ கணவரோ ஒருவர் எழுந்து கூடவே போக வேண்டும், பாதிச் சாப்பாட்டில் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவருடைய சாப்பாடு ஆறித்தான் போகும். போகட்டும், பெற்றவர்களுக்கு அது புதிதில்லை. அத்தையின் தட்டு மட்டும் சூடாக வர வேண்டும். அவர் பழக்க தோஷத்தில் எழுந்தால், உட்காரச் சொல்ல வேண்டியது அவருடைய மகன்.

இனி நம்பி விடலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை, ஒரு நேரத்தில், அவர் சாப்பிட்ட பிறகு, அவரிடம் கேட்டுவிட்டு விடலாம்.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். இதற்கும் “பெரிசுபடுத்தாதே” என்றால், எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். அவருக்குத் தனியாகப் பதில் வைத்திருக்கிறேன்.