அடுப்புப் புகையும் பிள்ளையின் நிறையும்

கேள்வி: எனக்கு இப்போது 5 மாதம். மூத்த பிள்ளை மாதம் நிரம்பிப் பிறந்தும் 2 கிலோ 200 கிராம்தான் இருந்தது. நான் புகைப்பதில்லை. கணவர் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து சிகரட் குடிப்பார், விறகடுப்பில்தான் சமையல். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சின்னதாகத்தான் பிறக்கும் என்கிறார் மாமியார். உண்மையா?
வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை தங்கச்சி. 2500 கிராமுக்குக் கீழே என்றால் நிறை குறைவு, இது உலகம் முழுக்க ஒரே கணக்கு, தோட்டத்துக்கென்று தனியாக ஒன்று கிடையாது. இரத்தசோகை, போதாத சாப்பாடு என்று காரணங்கள் பல இருக்கும், உங்கள் மூத்த பிள்ளைக்கு எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் புகை வருகிறது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

சிகரட்டோ விறகோ, இரண்டின் புகையிலும் காபன் மொனொக்சைட் இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், அதுவும் வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தில் இன்னும் இறுக்கமாக ஒட்டி, விலகவும் அதிக நேரம் எடுக்கும். சிகரட்டில் உள்ள நிக்கொட்டின் நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். புகைக்கும் தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 200 கிராம் அளவு குறைந்து பிறக்கிறார்கள். பக்கத்தில் இருந்து சுவாசிப்பவருக்குப் பாதிப்பு அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. ஏற்கனவே இரத்தம் குறைவான தாய்க்கு இது இரட்டை அடி.

குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அடுப்பு மூட்டுவதுதான் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் பெரிய பிரச்சினை. சமைக்கும்போது திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. ஈர விறகு வேண்டாம். ஊதுகுழலை வேறு யாராவது பிடிக்கட்டும், உலை கொதிக்கும் வரை நீங்கள் வெளியே இருங்கள். கணவர் இஸ்தோப்பில் குடித்தாலும் புகை காம்பராவுக்குள்தான் (அறைக்குள்தான்) வரும், அதனால் இடம் மாற்றுவதைவிட விட்டுவிடுவதே நல்லது. வெற்றிலை போடுவீர்களா? போட்டால் புகையிலையை எடுத்துவிடுங்கள், புகை இல்லாவிட்டாலும் நிக்கொட்டின் இரத்தத்துக்குப் போகும். பூச்சி, களை மருந்தடித்த தேயிலை மலைக்கும் கொழுந்து பறிக்கப் போக வேண்டாம்.

அப்புறம், கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

பிள்ளை அதிகமாக நிறை போடுவது கடைசி 3 மாதத்தில்தான், ஆகவே நீங்கள் பிந்திவிடவில்லை. மூத்த பிள்ளையின் நிறையை மிட்வைஃபிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், சிகரட் பற்றி மிட்வைஃபையே அவரிடம் பேசச் சொல்லுங்கள்.