போர்டு கேம் உருவாக்கியிருக்கிறேன், நிறுவனத்திடம் எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. இந்த ஊர் ஏரிகளை வைத்து ஒரு போர்டு கேம் உருவாக்கியிருக்கிறேன். மேட்டு ஏரி நிரம்பினால் ராஜகால்வாய் வழியாகத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். யார் எவ்வளவு தேக்குவது, எப்போது திறந்துவிடுவது என்பதுதான் ஆட்டம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் வெளியே யாருக்கும் காட்டவில்லை. பேடண்ட் வாங்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டுமா? பலகைக்கு அண்ணன் மகன் படம் வரைந்து கொடுத்திருக்கிறான். ஒரு நிறுவனம், நான் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் வெளியிடுவதாகச் சொல்கிறது. என்ன செய்யட்டும்?
வாசகி, பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் ஆட்டத்தின் கரு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெரிய ஆறு எதுவும் ஓடாத ஊர் இது. ஏரியை ஏரியோடு கோத்துத்தான் இங்கே பிழைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவர் தேக்கினால் கீழே இருப்பவர் காய்வார் என்ற இழுபறி இந்த மண்ணிலேயே இருக்கிறது. அதைப் பலகைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அதனால்தான், இது பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் பேடண்ட். பணத்தைச் செலவழிக்காதீர்கள். 1970ஆம் ஆண்டின் இந்திய பேடண்ட் சட்டம், பிரிவு 3(எம்)மில், விளையாடும் முறைக்கு பேடண்ட் கிடையாது என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நீங்கள் எழுதிய விதிப்புத்தகத்தின் வாசகங்களுக்கும், பலகையில் உள்ள படங்களுக்கும் பாதுகாப்பு தரும். அதற்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை, எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் ‘ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் இறங்கும் ஆட்டம்’ என்ற யோசனைக்கு எந்தச் சட்டமும் வேலி போடாது. யோசனையை வெளியே சொல்லமாட்டோம் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டாலும் பெரும்பாலான நிறுவனங்கள் மறுத்துவிடும். ஒரே மாதிரி யோசனைகள் அவர்களிடம் நாலு திசையிலிருந்தும் வருகின்றன, நாளைக்கு வழக்கு வரக்கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. விதிகளின் ஒவ்வொரு வடிவத்தையும் தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

உண்மையில் ஒரு நிறுவனத்துக்கு யோசனையைத் திருடுவதில் பெரிய லாபம் இல்லை. யோசனையை நல்ல ஆட்டமாக்குவதுதான் கஷ்டமான வேலை. அந்த வேலையைச் செய்து முடித்தவரிடமே உரிமை வாங்கிக்கொள்வது அவர்களுக்கும் சுலபம். உங்கள் பயம் தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்வேன். காட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், கையெழுத்துக்குப் பயப்படுங்கள். கையெழுத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம், ஆனால் எந்த நிறுவனமும் அதைக் கணக்கில் எடுக்காது. வீட்டில் ஆடும்போது சந்தேகம் வந்தால் உங்களைக் கேட்பார்கள், நீங்கள் சொல்லிவிடுவீர்கள். விதிப்புத்தகத்தில் இருக்கும் ஓட்டையை உங்கள் வாயே அடைத்துவிடுகிறது. இந்திராநகர், கோரமங்களா பக்கம் போர்டு கேம் வைத்திருக்கும் கஃபேக்கள் இருக்கின்றன, வார இறுதியில் கூடி ஆடும் குழுக்களும் இருக்கின்றன. தானே ஆட்டம் உருவாக்குகிறவர்களும் அங்கே வருவார்கள். நீங்கள் அவர்களுடையதை ஆடுங்கள், அவர்கள் உங்களுடையதை ஆடுவார்கள். கடைசிக் கட்டத்தில், முன்பின் தெரியாத நாலு பேரிடம் பெட்டியையும் விதிப்புத்தகத்தையும் மட்டும் கொடுங்கள். பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

அப்போது ஒரு நோட்டில் எழுதுங்கள். பெட்டியைப் பிரித்ததிலிருந்து முதல் ஆள் ஆடத் தொடங்க எத்தனை நிமிடம்? எந்த விதிக்காகத் திரும்பத் திரும்பப் பக்கம் புரட்டுகிறார்கள்? எந்த நேரத்தில் ஒருவர் போனைக் கையில் எடுக்கிறார்? உங்கள் ஆட்டத்துக்கென்றே இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடைசி ஏரிக்காரர் முதல் சில சுற்றுகளில் தண்ணீர் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறாரா? மேட்டு ஏரியில் உட்கார்ந்தவரே அடிக்கடி ஜெயிக்கிறாரா? ஒவ்வொரு முறையும் யார் எந்த ஏரி, யார் ஜெயித்தார் என்று குறித்து வைத்தால் இது தெரிந்துவிடும். மேலே இருப்பவர் அதிகமாகத் தேக்கினால் கரை உடையும் என்பது போல ஓர் ஆபத்து விதிகளில் இருக்கிறதா? இல்லையென்றால் அவர் திறந்துவிட என்ன காரணம்? நிறுவனத்தில் ஆட்டங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அனுபவமுள்ள எடிட்டர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கப் போவது இதைத்தான்.

ஆட்டம் இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டால் அனுப்புவது பெரிய வித்தையில்லை. ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள், செல் ஷீட் என்பார்கள். ஆட்டத்தின் பெயர், எத்தனை பேர், எந்த வயது, எவ்வளவு நேரம், பெட்டியில் என்னென்ன இருக்கும், மற்ற ஆட்டங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது, ஒரு தெளிவான படம், உங்கள் தொடர்பு விவரம். கூடவே இரண்டு மூன்று நிமிட வீடியோ. அதில் பெங்களூரு ஏரிகளின் வரலாற்றைத் தொடக்கத்தில் சொல்ல வேண்டாம், ஆசிரியைக்கு அந்த ஆசை வரும் என்று தெரியும். ஒரு ஆள் தன் முறையில் என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். சென்னை ஃபன்ஸ்கூல் போன்ற பெரிய நிறுவனம் முக்கியமாகக் குழந்தைகளையும் குடும்பங்களையும் பார்க்கிறது. மும்பையில் உருவான ‘ஷாஸன்’ என்ற அரசியல் ஆட்டம் 2019இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி, பெரியவர்களை நோக்கி வந்தது. உங்களுடையது எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, அதற்கேற்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள். புதிய ஆட்டங்களை ஏற்கிறார்களா, எந்த வடிவில் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அண்ணன் மகனின் படத்துக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். எடுத்துக்கொள்ளும் நிறுவனம் வழக்கமாகத் தன் ஓவியரை வைத்து எல்லாவற்றையும் புதிதாக வரையும். மாதிரிக்கு வீட்டு பிரிண்டரும் கெட்டி அட்டையும் போதும். தண்ணீருக்கு, மரப்பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரமணி வைக்க ஆசை வந்தால் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அட்டை வில்லைகளாலும் ஆட முடியும் என்று செல் ஷீட்டில் எழுதிவிடுங்கள், தயாரிப்புச் செலவைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

இப்போது கையெழுத்து. மோனாபோலி ஆட்டத்துக்கு மூலமான ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கியது. 1904இலேயே அதற்கு அவர் அமெரிக்காவில் பேடண்ட் வாங்கிவிட்டார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற ஆட்ட நிறுவனம் அவரிடமிருந்து உரிமையை வாங்கியது, ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பங்கு, எதுவும் இல்லாமல், வெறும் 500 டாலருக்கு. பேடண்ட் கையில் இருந்தும் அவரைக் காப்பாற்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

ஆகவே ராயல்டி எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, எதன்மேல் என்றும் கேளுங்கள். 1,500 ரூபாய் பெட்டியில், அச்சிட்ட விலைமேல் 6 சதவீதம் என்றால் 90 ரூபாய். கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் கழிவு போக நிறுவனத்தின் கைக்கு வருவது 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 6 சதவீதம் என்றால் 42 ரூபாய்தான். பெரும்பாலும் இரண்டாவது முறையைத்தான் பேசுவார்கள். அதில் தவறில்லை, தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். முன்பணம் கேளுங்கள். உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். குறித்த காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற வரி கட்டாயம் வேண்டும். மொபைல் ஆப் உரிமையைத் தனியாகப் பேசுங்கள்.

பெட்டியின் மேல் உங்கள் பெயரும் வேண்டும். 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது, பெயர் போடாத நிறுவனத்துக்கு இனி ஆட்டம் தருவதில்லை என்று ஜெர்மன் ஆட்டக் கலைஞர்கள் ஒரு பீர் கோப்பை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பெட்டிகளில் கலைஞரின் பெயர் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பிடிவாதம் இருக்கிறது. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு லட்சம். வெளியீட்டு நிறுவனம் என்றால் அச்சுச் செலவையும் விற்பனைப் பொறுப்பையும் தானே ஏற்று, உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் வாங்கிக்கொண்டு அச்சடிப்பவர் அச்சகக்காரர், அவருக்கு ஆட்டம் விற்றாலும் விற்காவிட்டாலும் லாபம்தான். சொந்தமாக வெளியிட வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்தால் அச்சகத்தோடு நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் எண்ணம் தெரியவில்லை. இந்த வாரமே ‘வேண்டாம்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள், வருகிற சனிக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு கஃபேக்குப் போங்கள்.