டர்னரின் முகம் உறையும் அந்த நொடி

கேள்வி: 1975-இல் வெளிவந்த 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர்' படத்தின் முடிவில், தான் அறிந்த அனைத்தையும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் சொல்லிவிட்டதாக நாயகன் டர்னர் கூறுகிறார். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் அதிகாரி ஹிக்கின்ஸோ, அவர்கள் அச்சிடுவார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார். டர்னரின் முகம் உறைந்து படம் முடிகிறது. செய்தி வெளிவந்ததா, இல்லையா?

பதில்: படம் அதைச் சொல்லவில்லை, சொல்லாததே சரி என்பது என் கருத்து. நாளிதழ் தங்கள் பிடியில் இருப்பதாக ஹிக்கின்ஸ் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஒரு கேள்வியை மட்டுமே வீசுகிறார். அது வெற்று மிரட்டலா, உண்மையான எச்சரிக்கையா என்று டர்னராலும் பிரித்தறிய முடியாது, நம்மாலும் முடியாது.

சி.ஐ.ஏ.வுக்காகப் புத்தகங்களைப் படித்து அவற்றில் உளவுச் சதிகளின் சாயல் உண்டா என்று ஆராய்வதே டர்னரின் பணி. மத்திய கிழக்கின் எண்ணெய் வயல்களைக் கைப்பற்ற சி.ஐ.ஏ.வுக்குள்ளேயே சிலர் தீட்டிய திட்டத்தை அவருடைய அறிக்கையொன்று அறியாமல் தொட்டுவிட, அவர் உணவு வாங்கச் சென்ற நேரத்தில் அலுவலகத்தில் இருந்த சக ஊழியர்கள் அனைவரும் கொல்லப்படுகிறார்கள். படிப்பையே தொழிலாகக் கொண்ட அவர், இறுதியில் அச்செழுத்திடமே அடைக்கலம் தேடுகிறார். அந்த ஒரே பிடிமானத்தைத்தான் ஹிக்கின்ஸின் கேள்வி அசைக்கிறது.

ஆயினும் டர்னரின் நம்பிக்கை ஆதாரமற்றதன்று. 1971-இல் வியட்நாம் போர் குறித்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்களை வெளியிட்டதும், 1974 டிசம்பரில் சி.ஐ.ஏ. உள்நாட்டிலேயே குடிமக்களை வேவு பார்த்ததை அம்பலப்படுத்தியதும் அதே நாளிதழ்தான். படம் திரைக்கு வந்தபோது, அமெரிக்க செனட் சபையில் ஃபிராங்க் சர்ச் என்ற உறுப்பினர் தலைமையிலான குழு சி.ஐ.ஏ.வை விசாரித்துக்கொண்டிருந்தது. ஆகவே செய்தி அச்சேறியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் செய்தி வெளிவருவது வேறு, டர்னர் உயிர் பிழைப்பது வேறு.

கேள்வி: கொலையாளி ஜூபேர், வாய்ப்புக் கிடைத்தும் டர்னரை ஏன் விட்டுவிடுகிறார்?

பதில்: கூலிக்குக் கொல்பவருக்குப் பகை கிடையாது. டர்னரைக் கொல்லும் வேலையைத் தந்தது சதியின் தலைவர் ஆட்வுட். பின்னர் அந்த ஆட்வுட்டையே தீர்த்துக்கட்டும் வேலை வேறு இடத்திலிருந்து வந்ததும், பழைய ஒப்பந்தம் முடிந்துபோகிறது. பிரியும்போது ஜூபேர் தரும் எச்சரிக்கையை மறவாதீர்கள்: ஒரு நாள் ஒரு கார் மெல்ல வந்து நிற்கும், தெரிந்த ஒருவர், ஒருவேளை நம்பிக்கைக்குரியவரே, இறங்கிவந்து புன்னகைப்பார். கடைசிக் காட்சியில் டர்னர் ஹிக்கின்ஸிடம் காட்டும் எச்சரிக்கை முழுவதும் இந்தச் சொற்களிலிருந்து பிறந்ததே.