எலும்பு முறிவுக்கு ஆட்டுக்கால் சூப் போதுமா?

கேள்வி: 64 வயதான என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உண்டு. கொடுக்கலாமா? எப்படிச் செய்வது?

பதில்: கொடுக்கலாம், ஆனால் எலும்பைக் கூட்டும் மருந்தாக எண்ணிக் கொடுக்க வேண்டாம். எலும்பிலுள்ள கால்சியம் தண்ணீரில் எளிதில் கரையாத வடிவில் இருப்பதால், எத்தனை விசில் வைத்தாலும் சாற்றில் இறங்குவது சொற்பமே. தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்தால் சற்றுக் கூடும், அவ்வளவுதான். தாராளமாக இறங்குவது, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் வெந்து உருவாகும் ஜெலட்டின். ஆறிய சூப் கட்டியாக உறைவது அதனால்தான். அதுவும் ஒரு புரதமே என்றாலும், குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்த பிறகே உடலில் சேர்கிறது. நேராக முறிந்த இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அதில் இல்லாததால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றின் இடத்தை அதற்குக் கொடுக்க முடியாது. (எலும்பை மிருதுவாக்கிச் சாறெடுப்பதற்காகவே டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் இன்றைய குக்கரின் முன்னோடியைச் செய்தார் என்பதால், இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று.)

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேலும் கிடைக்கும். சர்க்கரை நோய் இருப்பதால் கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிட, முருங்கைக்கீரை சேர்த்து அடையாகச் சாப்பிடுவது மேல்.

இனிச் செய்முறை. கறிக்கடையில் வாட்டிச் சுரண்டிக் கொடுத்திருந்தாலும், நான்கு கால்களையும் மஞ்சள் தூள் கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை நுரையோடு கொட்டிவிடுங்கள். பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், தனியா சேர்த்து, எட்டுப் பத்து விசிலுக்குப் பின் சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். முற்றிய ஆடானால் இன்னும் நேரம் பிடிக்கும். வடிகட்டிய சூப்பைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறையும். அதை வழித்து எறிந்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

இதில் பலர் தவறுவது ஆறவைக்கும் விதத்தில்தான். கொதித்துவிட்டதே என்று இரவு முழுவதும் அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். கொதிநிலையையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் பாக்டீரிய வித்துகள் (ஸ்போர்கள்) உண்டு. இறைச்சிச் சாறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆகவே அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

உப்பைச் சமைக்கும்போது போடாமல், கிண்ணத்தில் ஊற்றியபின் ஒரு சிட்டிகை மட்டும் சேருங்கள். ஒரு நாளின் மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்னும்போது, சூப் கட்டிகளும் கடைச் சூப்பும் உங்கள் அம்மாவுக்கு ஒத்துவராது. கடைகளில் கெட்டியாக்கச் சோளமாவும் கலப்பதுண்டு. வாரம் மூன்று நாள், 200 மில்லி வீதம் போதும். யூரிக் அமிலத்தால் மூட்டு வீக்கம் வந்திருந்தாலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருந்தாலோ, அவரைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சூப்பைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இந்த வயதில் மணிக்கட்டு முறிகிறது என்றால், எலும்பின் அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) முன்பே தொடங்கியிருக்கக்கூடும். மாவுக்கட்டைப் பிரிக்கப் போகும் நாளில் டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும், இரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பற்றிக் கேளுங்கள்; அதற்குள் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியையும் பொருத்திவிடுங்கள்.