குறைமாதக் குழந்தை: பில்லில் வராத செலவுக்கும் பணம் ஒதுக்குங்கள்

கேள்வி: எங்கள் குழந்தை 30 வாரத்தில், 1,300 கிராம் எடையில் பிறந்தது. இப்போது 12 நாள் ஆகிறது. வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், குழாய் வழியாகப் பால் போகிறது. சேமிப்பு கரைந்துகொண்டே வருகிறது. இன்னும் எத்தனை நாள் ஆகும்? வீட்டுக்கு வந்தபின் என்ன செலவு இருக்கும்? மனைவி வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள் என்பது பணத்துக்கும் நல்ல செய்திதான். என்ஐசியூ எனும் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் நாள்கணக்கு. அதிலும் மூச்சுக்கருவியோடு கழியும் நாட்கள்தான் அதிகம் இழுக்கும். உங்கள் குழந்தை இனி பால் குடித்து எடை கூட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நிலை வார்டுக்கு எப்போது மாற்றலாம் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நாட்களை நீங்களே ஓரளவு கணக்கிடலாம். இந்தக் குழந்தைகள் முதல் வாரத்தில் கொஞ்சம் இளைத்து, பத்துப் பதினைந்து நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் கூடினால் நல்ல வளர்ச்சி. உங்கள் குழந்தைக்கு அது 20 கிராம் அளவில் தொடங்கும். வீட்டுக்கு அனுப்ப ஏற்ற 1,800 கிராமைத் தொட மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஆகலாம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருசேரச் செய்யும் திறனும் கர்ப்பக் கணக்கில் 34 வார வாக்கில்தான் கைவரும். இடையில் தொற்று வந்தால் கணக்கு மாறும், ஒரு வாரம் கூட்டியே வையுங்கள்.

இந்த நாட்களைக் குறைக்க வழி உண்டு, அதற்குப் பணம் வேண்டாம். தாயோ தந்தையோ குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. தொற்று குறையும், எடை கூடும். தாய்ப்பாலும் அப்படித்தான்: குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் ஆபத்தான அழற்சியின் வாய்ப்பை அது குறைக்கிறது.

இனி வீட்டுச் செலவு. அமெரிக்காவில் 2005-ல் குறைமாதப் பிறப்புகளால் ஆன செலவை 2,620 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவம். 570 கோடி டாலர், குறைபாடுகளால் பின்னாளில் இழக்கப்படும் உழைப்பின் மதிப்பு. தடுக்க முடிந்த குறைபாட்டைத் தவறவிடுவதுதான் மிகப் பெரிய செலவு என்பேன்.

அதனால் பார்வையைக் காக்கும் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது பிறந்து நான்கு வாரத்தில் வரும். டிஸ்சார்ஜ் பரபரப்பில் நழுவிவிடும் நேரமும் அதுதான். சிகிச்சை தேவை என்று தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் செவிப் பரிசோதனை, வளர்ச்சிப் பரிசோதனைகள், அவற்றுக்குப் போய்வரும் செலவு, அன்றைய சம்பள இழப்பு: இவையெல்லாம் எந்த பில்லிலும் வராது. முதல் வருடத்தில் மூச்சுத்தொற்றால் மறுபடி அட்மிட் ஆகவும் வாய்ப்புண்டு, அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? மருத்துவர் சொல்லாமல் வீட்டு மானிட்டர், டானிக், விலையுயர்ந்த பவுடர் எதுவும் வாங்காதீர்கள். பயத்தில் இருக்கும் பெற்றோரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது விற்பவருக்குத் தெரியும். உங்கள் குழந்தை பத்து வாரம் முந்திப் பிறந்தது. ஆறு மாதத்தில் அதன் வளர்ச்சியை மூன்றரை மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். 'இன்னும் உட்காரவில்லையே' என்று டெஸ்ட் டெஸ்ட்டாக ஓட வேண்டாம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.

காப்பீடு இருந்தால் குழந்தையின் பெயரைச் சேர்க்கக் கெடு இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிறந்த வாரமும் எடையும் தெளிவாக இருக்கட்டும். பிறகு எந்த உதவி கேட்டுப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ராஜினாமா இப்போது வேண்டாம். எவ்வளவு கவனிப்பு தேவைப்படும் என்பது முதல் சில மாதப் பரிசோதனைகளுக்குப் பிறகுதான் தெரியும், அதுவரை சம்பளமில்லாத விடுப்போ பகுதிநேரமோ கேட்டுப் பார்க்கட்டும். உங்கள் விடுப்பை மருத்துவமனை வராந்தாவிலேயே தீர்த்துவிடாதீர்கள். முடிந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் கங்காரு முறையில் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கொரு முறை பால், மருந்து, தூக்கமில்லாத இரவு என்று வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில்தான் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.