மணிலா படிப்பும் மதமாற்றப் பயமும்

அண்ணே, மகளுக்கு மணிலா சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் பார்மசி சீட் கிடைத்தும், "சாமியார்கள் நடத்துவது, மதம் மாற்றிவிடுவார்கள்" என்று யாங்கோன் சொந்தக்காரர்கள் கிளப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம்.

1611-ல் தொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் தொடங்கிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் எதற்கு என்பதில் கத்தோலிக்கச் சிந்தனையே வேறு. பின்னாளில் கார்டினலான ஆங்கிலேய இறையியலாளர் நியூமன், 1852-ல் டப்ளினில் பேசத் தொடங்கிய சொற்பொழிவுகளின் நூலில் அடித்துச் சொன்னது: அது அறிவைப் பரப்பும் இடம், மதப் பயிற்சிதான் நோக்கமென்றால் அங்கே இலக்கியமும் விஞ்ஞானமும் எதற்கு? அதேசமயம் இறையியலும் ஒரு அறிவுத்துறை, அதை ஒதுக்கினால் படிப்பு அரைகுறை என்றார். அதனால்தான் பார்மசிக்காரருக்கும் இறையியல் பாடம். போப் இரண்டாம் ஜான் பால் 1990-ல் இத்தகைய பல்கலைக்கழகங்களுக்குத் தந்த சாசனம், ஒவ்வொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் முழுமையாக மதிக்கச் சொல்கிறது. பதிலுக்கு, மற்ற மதத்தவர் அவர்களின் கத்தோலிக்கத் தன்மையை மதிக்க வேண்டும். நியாயம்தானே?

என் அக்கா மகள் இப்படியொரு கல்லூரியில் விபூதி பூசிக்கொண்டே இறையியல் பரீட்சை எழுதினாள். நல்ல மார்க்கும் வாங்கினாள்.

சர்ச் பூசைக்குப் போவது கட்டாயமா என்று மட்டும் அட்மிஷன் ஆபீசில் ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களை விடுங்கள், ஃபீஸ் அவர்களா கட்டப்போகிறார்கள்?